தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன தெரியும், யார் சொன்னார்கள்?

இலங்கையில் சிறுவர் தினம் ஒக்டோபர் 1. பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் அன்று பாடம் நடப்பது குறைவு. பலூன் கட்டுவார்கள், இனிப்புக் கொடுப்பார்கள், ஆசிரியர்கள் பிள்ளைகளுக்காக ஒரு நாடகம் போடுவார்கள், யாராவது ஓர் அதிகாரி வந்து பேசுவார். கல்வி கற்கும் உரிமை, விளையாடும் உரிமை, பாதுகாப்பாக வாழும் உரிமை என்று பேச்சு போகும். பாடசாலைச் சுவரிலும் இவை வர்ணத்தில் எழுதப்பட்டிருப்பதுண்டு. பரீட்சையில் சிறுவர் உரிமைகள் ஐந்தைக் கேட்டால், ஓரளவு படிக்கிற பிள்ளை ஐந்தையும் எழுதிவிடும். இதை வைத்துக்கொண்டு தோட்டத்துப் பிள்ளைக்குத் தன் உரிமை தெரியும் என்று சொல்லிவிடலாமா?

தெரியுமா தெரியாதா என்று பிள்ளையிடம் கேட்பதே நமக்கு வழக்கமாகிவிட்டது. சட்டம் அந்தக் கேள்வியை அரசிடம் கேட்கிறது. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989 நவம்பர் 20இல் நிறைவேறியது. இலங்கை 1991 ஜூலை 12இல் அதை ஏற்று உறுதிசெய்தது. அதன் 42ஆம் உறுப்புரை, சமவாயத்தில் உள்ளவற்றைப் பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் பரவலாகத் தெரியப்படுத்துவது அரசின் பொறுப்பு என்கிறது. 24ஆம் உறுப்புரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. சுகாதாரம், போசாக்கு, துப்புரவு, விபத்துத் தடுப்பு ஆகியவை பற்றிய அடிப்படை அறிவு பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும், அந்த அறிவைப் பயன்படுத்திக்கொள்ள அவர்களுக்கு ஆதரவும் தரப்பட வேண்டும் என்பது அதன் சாரம். சொல்வதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை 1989இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

மலையகச் சிறுவர்களிடம் விழிப்புணர்வு போதாது என்ற பேச்சைக் கருத்தரங்குகளில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. விழிப்புணர்வு நிகழ்ச்சி ஒன்று நடக்கும், படம் எடுப்பார்கள், பதாகையைச் சுருட்டிக்கொண்டு போவார்கள். என் எண்ணம் வேறு. ஆபத்து எது என்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரியும். பல சமயம் பெரியவர்களைவிட நன்றாகவே தெரியும். தெரிந்ததை யாரிடம், எந்த மொழியில் சொல்வது, சொன்னால் என்ன நடக்கும் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒரு தகவல் கொழும்பிலிருந்து தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு வரும் வழியில் எங்கே தங்கிவிடுகிறது என்று பார்த்தால், குறை பிள்ளையின் தலைக்குள் இல்லை என்பது புரியும்.

ஊவா மாகாணத்தில் பதுளை, மொனராகலை என்று இரண்டு மாவட்டங்கள். தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோர் பதுளையில்தான் இருக்கிறார்கள்: ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹல்துமுல்லை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலி-எல. மாவட்டத்தின் மொத்த மக்களில் இவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இவர்களுடைய பாடசாலைகளின் வரலாறு நாட்டின் கல்வி வரலாற்றோடு சேர்ந்து நடந்ததல்ல. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்டத்திடமே கொடுத்தது. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கர கொண்டுவந்த இலவசக் கல்வியின் பலன் லயத்துக்கு வந்து சேரவில்லை. 1977இலிருந்துதான் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதன் பிறகு சுவீடன் நாட்டு உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. இன்று தரம் ஆறில் படிக்கும் பிள்ளையின் பாட்டி, படித்திருந்தால், ஓராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புப் படித்திருப்பார். அந்தப் பாட்டிதான் பல வீடுகளில் இன்று பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தோட்டத்துக்குள் தகவல் போகும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. விடியலில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களம். துரை கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், கணக்கப்பிள்ளை கங்காணியிடம், கங்காணி ஆட்களிடம். எந்த மலையில் கொழுந்து, எங்கே கவ்வாத்து, எங்கே மருந்தடிப்பு என்பதெல்லாம் மேலிருந்து கீழே வரும். கீழிருந்து மேலே போக வேண்டியவை தொழிற்சங்கத் தலைவர் வழியாகப் போகும். அதுவும் சம்பளம், பேர் (நாள் வேலைப் பதிவு), கூரைத் தகரம் என்ற அளவில். பிள்ளைகள் பற்றிய தகவலுக்கு இந்தக் கட்டமைப்பில் வழியே கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மீரியபெத்தைக்குப் போகலாம்.

கொஸ்லாந்தைக்கு மேலே உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை, மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தோம், போகவில்லை என்றது அரசுத் தரப்பு. போக இடம் யார் தந்தார்கள் என்று கேட்டார்கள் தோட்டத்து மக்கள். காணி அரசுக்குரியது, 1992இலிருந்து நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம். லயத்தில் இருக்கிறவருக்குத் தன் காம்பராவுக்கே உறுதி கிடையாது. வேறு மேட்டில் குடிசை போட்டுக்கொள்ளும் அதிகாரம் எங்கிருந்து வரும்? பிரதேச சபை உதவலாமே என்றால், தோட்டத்துக்குள் தன் நிதியைச் செலவிட அதற்கு 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை தடை இருந்தது.

இங்கே பிள்ளைகளின் அறிவு என்ற கேள்வியை வைத்துப் பாருங்கள். மண்சரிவின் முன்னடையாளங்கள் தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. காம்பராச் சுவரில் புதிதாக வெடிப்பு விழுவது, பீலியில் வரும் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, இல்லாத இடத்தில் ஊற்றுப் புறப்படுவது, மலையில் சவுக்கு மரங்கள் சரிந்து நிற்பது, கதவு சட்டத்தில் இறுகி மூட மறுப்பது. பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். தண்ணீரின் நிறம் மாறியதை வீட்டில் முதலில் பார்ப்பதும் அவர்கள்தான். கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் அளவுகோலும் கடினமானதன்று. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்றால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் புறப்படத் தயாராகு, 150 தாண்டினால் வெளியேறு. நேர்வாட்டமான ஒரு போத்தலும் அடிக்கோலும் இருந்தால் தரம் ஐந்துப் பிள்ளை இதைக் கிட்டத்தட்ட அளந்துவிடும். அளந்த பிறகு யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால், இரவில் மழைக்குள் எங்கே போவது என்பார். கங்காணியிடம் சொல்லப் பிள்ளைக்குத் துணிவு வராது. கிராம உத்தியோகத்தரின் அலுவலகம் தோட்டத்துக்கு வெளியே. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டிய தொலைபேசி அப்பாவின் சட்டைப் பையில். எச்சரிக்கை கொழும்பில் மூன்று மொழியிலும் வெளிவருகிறது என்பதை ஏற்கிறேன். இரவு பதினொரு மணிக்கு அது ஒரு டிவிசனின் கடைசி லயத்தைச் சேருகிறதா என்பது வேறு விஷயம்.

மீரியபெத்தையில் உயிர் தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தடுப்புக் கட்டி இரண்டு ஆண்டளவு குடியிருந்தார்கள். 2016 ஒக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்தத் தொழிற்சாலையிலிருந்து பாடசாலைக்குப் போய்வந்த பிள்ளைகள் பேரிடர் பற்றி எந்தப் பயிற்சிப் பட்டறையும் கற்றுத்தர முடியாத அளவுக்குக் கற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் வளவாளர்களாக அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவால் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. 2014இல் பிள்ளைகளைக் காப்பாற்றியது பாடசாலை மணி. அது எல்லா முறையும் சரியான நேரத்தில் அடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

மண்சரிவு அரிதாக வருவது. அன்றாடம் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17 பேர். தோட்டத் துறையில் ஏறத்தாழ 32 பேர். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் குள்ளம் தாயின் வயிற்றிலும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவிலும் தொடங்குகிறது. பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதில் காரியம் முடிந்துபோயிருக்கும். ஆகவே இதற்கான அறிவு தாய்க்குச் சேர வேண்டியது, தாய்க்குச் சேர வேண்டுமானால் அவள் பிள்ளையாக இருக்கும்போதே சேர்ந்திருக்க வேண்டியது.

என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? சுகாதாரப் பாடத்தில் இரும்புச்சத்துள்ள உணவுகளின் பட்டியல் இருக்கிறது. ஈரல், மீன், கீரை, பயறு. பிள்ளைகள் அதை மனனம் செய்கிறார்கள். காலையில் வீட்டில் சாப்பிடுவது ரொட்டியும் சம்பலும், கூடவே ஒரு கோப்பை சாயத்தண்ணி. தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்சுவதைத் தடுக்கும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் இந்த இழப்புக் குறையும். காசு செலவில்லாத யோசனை இது. ஈரல் வாங்கு என்று சொல்வதைவிட எத்தனையோ மடங்கு பயன் தரக்கூடியது. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலைகளில் வளரும் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டிய சுகாதாரத் தகவல் இதுவாக இருந்திருக்கலாம். பாடசாலையில் வாரமொரு முறை இரும்பு மாத்திரை கொடுக்கும் திட்டம் உண்டு. அதை வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும், தேத்தண்ணியில் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி.

கை கழுவுதல் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. சுவரொட்டியில் குழாய் இருக்கிறது. லயத்துக்குப் பொதுவான பீலி ஒன்று இருக்கிறது, காலையில் அங்கே வாளிகள் வரிசையில் நிற்கின்றன. துப்புரவைப் பழக்கமாக மட்டுமே கற்பிக்கும்போது, குடற்புழுவும் வயிற்றோட்டமும் பிள்ளையின் ஒழுக்கக் குறையாக மாறிவிடுகின்றன. இந்தத் தண்ணீருக்குப் பொறுப்பு யார், தோட்ட நிர்வாகமா, பிரதேச சபையா, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமா என்று கேட்கும் வயது பதினைந்தில் வந்துவிடும். பதில் சொல்லும் ஆள் வர வேண்டுமே.

வெற்றிலையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் கொழுந்தெடுக்கும்போது குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. இது சோம்பேறிப் பழக்கமல்ல, வேலையின் ஒரு பகுதியாகவே ஊறிப்போனது. பாக்கும் வெற்றிலைக் கூட்டும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. புகையிலை சேராவிட்டாலும் அப்படித்தான். இலங்கை ஆண்களிடையே மிக அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையற்ற புகையிலைப் பொருள்களை நாடு 2016இல் தடைசெய்தது. பாபுல் என்ற புகையிலைப் பொட்டலம் பையன்களுக்கு இன்னும் அறிமுகமான பெயர்தான். 21 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலையோ மதுவோ விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அப்பாவுக்கு இரண்டு சிகரெட் வாங்கிவா என்று பத்து வயதுப் பையன் கடைக்கு அனுப்பப்படுகிறான். கடைக்காரருக்கும் சட்டம் தெரியும், பையனுக்கும் பாடத்தில் வந்திருக்கும். கடையில் சட்டத்தை நினைவுபடுத்தினால் அவன் வாங்கப்போவது சிகரெட்டைவிட அடியாகத்தான் இருக்கும். வாயில் வெள்ளைத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமை, ஆறாத புண் ஆகிய மூன்றும் முன்னறிகுறிகள் என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால், அவன் வீட்டில் பாட்டியின் வாயைப் பார்த்துச் சொல்வான். புகைத்தல் கூடாது என்று கட்டுரை எழுதச் சொல்வதைவிட அதில் பலன் அதிகம்.

மருந்தடிப்பும் இப்படித்தான். பரகுவாட் என்ற களைகொல்லியை நாடு படிப்படியாகக் குறைத்து நிறுத்தியது. கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இந்தத் தடையும் தளர்வும் முழுவதும் அரசியல் மேடையில் நடந்தன. மருந்தடித்த சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதே, வெறும் கேனில் தண்ணீர் பிடிக்காதே என்ற இரண்டு வரி லயத்துக்கு வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு, மரக்கறித் தோட்டங்களுக்கு சனி, ஞாயிறுகளில் கூலிக்குப் போகும் பையன்களுக்கு இந்த இரண்டு வரி இன்னும் அவசரமானது.

தரம் ஆறில் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு 2017இலிருந்து எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது, இரண்டு முறை. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பது. இலங்கையின் தடுப்பூசித் திட்டம் உலகமே மதிக்கும் ஒன்று. தோட்டப் பாடசாலைக்கும் அது தவறாமல் வந்துவிடுகிறது. ஊசிக்கு முன் பெற்றோரின் சம்மதக் கடிதம் பிள்ளையின் புத்தகப் பையில் வீட்டுக்குப் போகும். அம்மா மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, பிள்ளைக் காம்பராவில் சின்னவனைத் தூக்கிக்கொண்டு வந்து சேர மாலை ஐந்தரை. அடுப்பு மூட்டியபடி, எங்கே ஒப்பமிட வேண்டும் என்று கேட்கிறாள். பிள்ளை இடத்தைக் காட்டுகிறாள். ஒப்பம் விழுகிறது. இது எதற்கு என்று அம்மா கேட்டால், எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள் என்பதே பிள்ளையிடம் உள்ள பதில். ஊசி நல்லது, போட்டாயிற்று, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஒரு சுகாதார அதிகாரி கேட்கலாம். பதினொரு வயதில் தன் உடம்பில் போடப்பட்டது எதற்கு என்று அறியாத பெண், முப்பத்தைந்து வயதில் பப் பரிசோதனைக்கு வா என்று மிட்வைஃப் கூப்பிடும்போது ஏன் போக வேண்டும்? அன்று அந்தக் கடிதத்தைப் பிள்ளையே அம்மாவுக்கு வாசித்து விளக்கும்படி வகுப்பில் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால், ஒரே செலவில் இரண்டு பேருக்குத் தகவல் போயிருக்கும்.

மாதவிடாய் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய பிள்ளையானதும் சடங்கு உண்டு, சீர் உண்டு, தனியே உட்கார வைப்பது உண்டு. உடம்பில் நடப்பது என்ன என்ற விளக்கம் மட்டும் எல்லோரும் வெட்கப்பட்டு ஒதுக்கும் விஷயமாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கம் வரும்போது, நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள் என்று கடந்துபோகும் ஆசிரியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. பாடசாலையில் கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இல்லாதபோது அறிவு மட்டும் அந்த மூன்று நாள் வரவைக் காப்பாற்றாது.

வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிய சட்டம் ஒரு விசித்திரமான காலத்தைக் கடந்தது. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16ஆக உயர்ந்தது. வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதோ 14ஆகவே நின்றது. ஐந்து ஆண்டுகள் ஒரு 14 வயதுப் பிள்ளை சட்டப்படி பாடசாலையிலும் இருக்க வேண்டும், சட்டப்படி வேலைக்கும் போகலாம். 2021இல்தான் இரண்டாவது சட்டமும் 16க்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில், நுவரெலியா மாவட்டம் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த நிலையில் தீக்காயங்களோடு மருத்துவமனையில் இறந்தார். மலையகம் கொதித்தது, ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. 2009 ஓகஸ்டிலும் மஸ்கெலியாப் பக்கத்து இரு சிறுமிகள் வேலை செய்த இடத்துக்கு அருகே கொழும்பில் ஒரு வாய்க்காலில் பிணமாகக் கிடந்தார்கள். அப்போதும் மலையகம் கொதித்தது.

இந்தச் செய்திகள் பதுளைத் தோட்டங்களுக்கும் வந்தன. ஒவ்வொரு லயத்திலும் தெரியும். கொழும்புக்குப் போகும் பிள்ளைக்கு ஆபத்து உண்டு என்று யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தரகர் வரும்போது அவர் அந்நியராக வருவதில்லை. பக்கத்து டிவிசன்காரர், தூரத்துச் சொந்தம், மாமா என்று கூப்பிடப்படுகிறவர். முற்பணத்தை வீட்டிலே வைத்துவிட்டுப் போகிறார். அந்தப் பணம் கடனுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு, எனக்குப் போக விருப்பமில்லை என்று பிள்ளை சொல்வது அப்பாவின் கடனோடு வாக்குவாதம் செய்வதாகிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் சுவரொட்டிகளில் இருக்கிறது, பிள்ளைகளும் சொல்கிறார்கள். அழைத்தால் அப்பாவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகுமா, நான் எங்கே அனுப்பப்படுவேன், திரும்பி இந்தப் பாடசாலைக்கு வர முடியுமா? பிள்ளையின் மனத்தில் ஓடும் கேள்விகள் இவை. சுவரொட்டியில் இலக்கம் மட்டும்தான். முறைப்பாடு செய்யத் தாய் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போனால் அன்றைய பேர் போகும், பஸ் காசு போகும், பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டியும் வரலாம். மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. வர்த்தமானி எழுதிவிட்டது, மேசையில் உட்கார்ந்திருப்பவர் தமிழ் அறிந்தவராக இருப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். அம்மா மத்திய கிழக்கில் இருக்கும் வீடுகள் ஊவாத் தோட்டங்களில் நிறைய. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக முடியாது என்ற கட்டுப்பாடு 2013இல் வந்தது. பொருளாதார நெருக்கடியில், 2022இல், அது இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. ஒரு பிள்ளை தாயோடு இருக்கும் உரிமை, நாட்டின் டொலர் கையிருப்பைப் பொறுத்து மூன்று ஆண்டு சுருங்கியதைக் குடியியற் பாடத்தில் எப்படிக் கற்பிப்பது என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தகவல் என்பது வாட்ஸ்அப்பில் வரும் அம்மாவின் குரல். தோட்டத்தில் ஏதாவது நடந்தால் அம்மாவிடம் சொல்லாதே, அவள் அங்கே அழுவாள் என்று பாட்டி சொல்லிவைத்திருப்பார். முதலில் சொல்லக்கூடிய ஆளிடமே சொல்லக் கூடாது என்று பழக்கப்பட்ட பிள்ளையிடம்தான் நாம் தொலைபேசி இலக்கங்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை தடைசெய்தது. ஆசிரியர் அறைந்து மாணவன் ஒருவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயலாகத் தீர்த்தது. தோட்டப் பாடசாலையில் பிரம்பு எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். சுற்றறிக்கை எந்தக் கோப்பில் இருக்கிறது என்று அதிபருக்குத் தெரியும். உரிமையை வகுப்பில் எடுப்பவரே அதை மீறுபவராகவும் இருக்கும்போது, பிள்ளை இரண்டு பாடம் கற்கிறது. இரண்டாவது நன்றாக நினைவிருக்கும். ஆசிரியரும் அதிகாரத்துக்குக் கீழே நிற்பவர்தான் என்பதையும் பதுளைப் பிள்ளைகள் பார்த்தார்கள். 2018 ஜனவரியில், பதுளையில் ஒரு தமிழ் மகளிர் பாடசாலையின் அதிபரை அன்றைய ஊவா மாகாண முதலமைச்சர் முழந்தாளிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. முதலமைச்சர் கைதாகிப் பிணையில் வந்தார். அந்தப் பாடசாலையின் மாணவிகளுக்கு அந்த ஆண்டின் ஒக்டோபர் 1 பேச்சு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதையெல்லாம் எப்படி அளப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, பாடசாலை மாணவர்களின் உடல்நலம் பற்றிய ஆய்வு இலங்கையில் 2008இலும் 2016இலும் நடந்தது. 2016இல் 13 முதல் 17 வயதுவரை. உணவு, புகையிலை, மது, வன்முறை, மனநலம் பற்றி மாணவர்கள் பெயர் எழுதாமல் விடையளித்தார்கள். நல்ல ஆய்வு. அதன் சுருக்க அறிக்கை ஆண், பெண், வயது என்று பிரித்துத் தருகிறது. தோட்டம் என்று தனியாகப் பார்க்க வழியில்லை. உயரத்தையும் நிறையையும் காட்டும் அட்டவணையில் தோட்டத்துக்கென்று ஒரு நிரல் பல பத்தாண்டுகளாக உண்டு. சிறுவர் உழைப்புக்கும் கணக்கு உண்டு: 2016ஆம் ஆண்டு ஆய்வு நாடு முழுவதும் 43,714 பேர் என்றது, அவர்களில் 39,007 பேர் ஆபத்தான வேலைகளில். என்ன சொல்லப்பட்டது, எந்த மொழியில், சொல்லப்பட்டதைக் கொண்டு அவர்கள் எதையாவது செய்ய முடிந்ததா என்பதற்கு நிரல் இல்லை.

சிறு அமைப்புகள் நடத்தும் அறிவு-மனப்பாங்கு ஆய்வுகளில் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் பரீட்சைக் கேள்விகள்தாம். உங்களுக்கு உரிமைகள் உண்டு என்று தெரியுமா? ஆம், இல்லை. எந்தப் பிள்ளை இல்லை என்று புள்ளடி இடும்? அதற்குப் பதிலாக, கடைசியாக உனக்குப் பயமான விஷயம் ஒன்றை யாரிடம் சொன்னாய், அவர் என்ன செய்தார் என்று கேட்கலாம். பீலித் தண்ணீர் கலங்கினால் யாரிடம் சொல்வாய், அவருடைய இலக்கம் தெரியுமா? போன ஊசி எதற்கு? பதினாறு வயதுக்கு முன் வேலைக்கு அழைத்தால் மறுக்கலாம் என்று அப்பாவுக்குத் தெரியுமா? இந்தக் கேள்விகளுக்கான விடையில் பிள்ளையின் மதிப்பெண்ணோடு பெரியவர்களின் மதிப்பெண்ணும் தெரிந்துவிடும்.

புதிய திணைக்களம் ஒன்றும் தேவைப்படாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சுகாதார வைத்திய அதிகாரியின் குழுவும் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்கெனவே ஜீப்பில் மலையேறி வருகிறார்கள். அவர்களுடைய படிவத்தில் உயரம், நிறை, பல், கண் பார்வை, தோல் என்று வரிசையாக எழுதும் இடங்கள் உண்டு. தோட்டப் பாடசாலைகளின் படிவத்தில் மேலே சொன்ன கேள்விகளில் இரண்டை மட்டுமாவது சேர்த்து, விடையைத் தமிழில் எழுதக்கூடிய ஒருவரையும் அந்த ஜீப்பில் ஏற்றிவிட்டால், பசறையிலிருந்தும் ஹல்துமுல்லையிலிருந்தும் ஓராண்டில் கிடைக்கும் விவரம் இதுவரை யாரிடமும் இல்லாததாக இருக்கும்.